உப்புத்தாள் மட்டும் பிடிச்சா போதும்

போன வாரம் சூப்பர்வைசர் வாயிலிருந்து ஒரு பொய் வெளியே வந்ததோடு நிறுத்தியிருந்தோம். பெரிய பொய் இல்லை, ஒரு கிண்ணத்தின் அளவுதான். ஆனாலும் அதைச் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர் நம் சூப்பர்வைசர். வேலை விட்டாலும் தெருவில் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. அவர் மனைவி பல் ஆஸ்பத்திரிக்குப் பல்செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள். அந்த வேலை முடிந்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கார் இல்லாத கார் ஷெட்டில் பழைய கடைசல் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, மரத்தில் கிண்ணம் கடைய ஆரம்பித்தாள். விற்பதற்கு இல்லை, மனசுக்குப் பிடித்ததால் செய்கிறாள்.

ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் போன ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா கப்பலில் இஞ்சின் பார்த்தவர். அலமாரியில் இருந்த மாமரக் கிண்ணத்தை எடுத்து, உள்ளும் புறமும் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு செஞ்சது இது?" என்று கேட்டார்.

"நான்தான். சும்மா, பொழுது போகணுமே" என்றார் சூப்பர்வைசர்.

மனைவி அப்போது டீத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். தட்டு ஆடக்கூட இல்லை. மகள் தரையைப் பார்த்தாள். "அடுத்த ஞாயிறு வர்றோம். நீங்க கடையறத நான் கண்ணால பாக்கணும் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போனார் கப்பல்காரர். அந்த ஞாயிறு இன்றைக்கு.

ஏன் அப்படிச் சொன்னார்? ஒரு வாரமாக அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். கம்பெனியில் காலமெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றவர்கள் செய்வதைப் பார்த்தவர். மேலே இருப்பவர்கள் "நல்லா வந்திருக்கே" என்றால் "ஆமா சார்" என்று வாங்கி வைத்துக்கொண்டு பழகிய வாய். பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. இது பாதிக் காரணம்.

மீதிப் பாதி இதைவிட அசிங்கம். மிஷின் வந்த புதிதில், ஷெட்டில் என்ன சத்தம் என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தபோது, "தண்ணி மோட்டார் மக்கர் பண்ணுது" என்று சொன்னவர் இவர். பெண்டாட்டி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மரத்தூளில் நின்று உளி பிடிக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தார். சொந்தக்காரர்கள் வந்தால் முதல் வேலையாக ஷெட் கதவைச் சாத்துவார். ஆக, யாரும் பாராட்டாதவரை அது அவளுடைய கிறுக்கு. ஒருவர் பாராட்டியதும் அது இவருடைய கைவேலை. இப்படிப் பச்சையாகப் போட்டுப் பார்த்த பிறகு, சவரம் செய்யும்போதுகூடக் கண்ணாடியில் தாடையைத் தவிர வேறெதையும் அவர் பார்ப்பதில்லை.

மனைவி சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பார். அவள் போடவில்லை. டீ வந்தது, சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை மடித்து வந்தது. ஷெட்டிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை.

காலையில் அவர் எந்தச் சட்டையைப் போடுவது என்று தெரியாமல் பீரோ முன்னால் நின்றிருந்தபோது மகள் வந்து வாசலில் சாய்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்க்கிறவள். எதையும் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"இன்னிக்கு என்னப்பா பண்ணப் போறீங்க?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன்."

"அப்ப அடுத்த வாரம் வருவாங்க."

"மிஷின் ரிப்பேர்னு சொன்னா?"

"அவர் கப்பல் இஞ்சினையே பிரிச்சு மாட்டினவர்ப்பா. ரிப்பேர்னு சொன்னீங்கன்னா சட்டையக் கழட்டி வெச்சிட்டு உக்காந்துடுவார்."

சூப்பர்வைசர் கட்டிலில் உட்கார்ந்தார். "நீயாவது அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசேன்" என்றார்.

"நான் பேசி என்ன ஆகப் போகுது? பேச வேண்டியது நான் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

அந்த நேரம் ஷெட்டிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

போனார். தரை கூட்டிப் பெருக்கியிருந்தது. உளிகள் வரிசையாகத் தொங்கின. பல்செட்டுக்கு மெருகேற்றப் பயன்படுத்திய பழைய பிரஷ்கள் ஒரு டப்பாவில் நின்றன. தேன்மெழுகு வாசனை அடித்தது. மிஷினில் ஒரு கிண்ணம் மாட்டியிருந்தது.

அந்த மரத்தை அவருக்கு அடையாளம் தெரிந்தது. மாமரம்தான், ஆனால் நடுவில் மை தெளித்ததுபோல் கறுப்புக் கோடுகள் ஓடிய துண்டு. மரவாடியில் அதைக் கண்டெடுத்த அன்று, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி கடைந்து, காகிதப் பையில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் காயப் போட்டிருந்தாள். "அவசரப்பட்டா வெடிச்சிடும், அதுவா காயட்டும்" என்று போன மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கடைக்குப் போனப்ப உள்ளயும் வெளியயும் கடைஞ்சு முடிச்சிட்டேன்" என்றாள் இப்போது. "உளியத் தொட வேணாம். உப்புத்தாள் மட்டும் பிடிச்சா போதும்."

அவர் மிஷின் கிட்டே போய் நின்றார்.

"இதான் ஸ்விட்ச். இது வேகம், இதத் திருப்பாதீங்க. முதல்ல இந்தத் தாள், அப்புறம் இது, கடைசில இந்த நைசு. கிண்ணத்துக்குக் கீழ்ப்பக்கமா பிடிங்க. மேல பிடிச்சா தூள் மூஞ்சில அடிக்கும். எல்லாம் ஆனப்புறம் இந்த மெழுகுத் துணிய வைங்க. கோடெல்லாம் பளிச்சுன்னு எழுந்து வரும். பாக்க வர்றவங்களுக்கு அது போதும்."

"நீ எதுக்கும்மா இதெல்லாம்…"

"நம்ம பொண்ணுக்குப் புகுந்த வீடு அது. அங்க அவ அப்பாவப் பத்தி ஒரு பேச்சு வரக் கூடாது."

"கோவமா இருக்கியா?"

"கைய இப்படி வைங்க" என்று அவர் விரல்களைப் பிடித்துக் கிண்ணத்தின் அடியில் வைத்தாள். ஒரு வாரத்தில் அவள் அவரைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். தன் பொய்க்கு அவளே உட்கார்ந்து முட்டுக் கொடுத்திருக்கிறாள், அதுவும் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல மரத்தை எடுத்து. வீட்டுப்பாடத்தை அம்மா எழுதிக் கொடுக்க, பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப்போல நிற்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார்.

"முதல்ல எந்தத் தாள்னு சொன்ன?" என்று கேட்டார்.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார்கள். கப்பல்காரர், சம்பந்தியம்மா, கூடவே இந்த முறை மாப்பிள்ளையும். "முதல்ல மிஷின், அப்புறம்தான் டீ" என்று செருப்பைக் கழற்றுவதற்குள் அறிவித்தார் கப்பல்காரர். எல்லாரும் ஷெட்டுக்குப் போனார்கள். மனைவி சுவரோரமாக, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மிஷினை அவளுடைய முழங்கை உயரத்துக்கு ஏற்றபடி நிறுத்தியிருந்தார்கள். சூப்பர்வைசர் நெட்டை ஆள். கூனிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது.

"இவ்ளோ குனிஞ்சா முதுகு வலிக்காதா சம்பந்தி?"

"பழகிடுச்சு."

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

ஸ்விட்சைப் போட்டார். கிண்ணம் சுழன்றது. முதல் தாள், இரண்டாவது தாள், நைசுத் தாள். மெழுகுத் துணியை வைத்ததும், அவள் சொன்னது சொன்னபடியே, கறுப்புக் கோடுகள் எழுந்து வந்தன. "அடேங்கப்பா" என்றார் சம்பந்தியம்மா. மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சூப்பர்வைசருக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று. கை பதமாக இருந்தது, மரம் வெதுவெதுப்பாக இருந்தது. "மரம் அதுவா காயணுங்க. அவசரப்பட்டா வெடிச்சிடும்" என்று விளக்கம்கூடக் கொடுத்தார். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. மனைவி பக்கம் திரும்பினார். அவள் மிஷினின் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். கப்பல்காரர் விடவில்லை.

"தாள் தேய்க்கறத யார் வேணா தேய்ப்பாங்க சம்பந்தி. சீவல் பறக்கணும். அந்த உளிய எடுங்க."

"முடிஞ்ச கிண்ணங்க அது. இனிமே உளி வெச்சா மெலிஞ்சிடும்" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு சுத்து சம்பந்தியம்மா. ஒரு வீடியோ எடுத்துக்கறேன். என் அண்ணன்கிட்ட காட்டணும்" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

சூப்பர்வைசர் உளிகளைப் பார்த்தார். எதை எடுப்பது என்றே தெரியவில்லை. அப்போது மாப்பிள்ளை நகர்ந்து வந்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய முகக் கவசத்தை எடுத்தான். அது அங்கே இருப்பது வெளியாள் யாருக்கும் தெரியாது.

"மாமா, இதப் போட்டுக்குங்க" என்று நீட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அத்தை இது இல்லாம உளியத் தொட மாட்டாங்கன்னு அவ சொல்லுவா."

சூப்பர்வைசர் அவன் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"அப்பாவுக்குத் தெரியாது மாமா. நானும் சொல்லல. கை வலிக்குதுன்னு சொல்லி விட்டுடுங்க."

மகள் வழியாக இவனுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தன் கூனலையும், விளக்கத்தையும், பளபளப்பையும் இவ்வளவு நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் வழியில்லை. காது மடல் இரண்டும் சுட்டன.

கை வலி என்று சொல்லி அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் வெட்கம் எல்லா நேரமும் மனிதனைப் பின்னால் இழுப்பதில்லை, சில நேரம் பிடித்து முன்னால் தள்ளிவிடும். கவசத்தை மாட்டிக்கொண்டு, கைக்கு வந்த உளியை எடுத்து, சுழலும் கிண்ணத்தின் உள்ளே நீட்டினார்.

உளியின் முதுகு மரத்தைத் தொட்ட பிறகுதான் அதன் வெட்டும் வாய் தொட வேண்டும். மனைவியின் கைக்கு அது தெரியும். இவர் வாயை நேராக வைத்தார். டக்கென்று ஒரு சத்தம். உளி கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது. கிண்ணம் எகிறிச் சுவரில் மோதி, தரையில் உருண்டு, சம்பந்தியம்மாவின் காலடியில் போய் நின்றது. மனைவி எப்போது ஸ்விட்சை அணைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"கையக் காட்டுங்க" என்றாள் அவரிடம். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதற்கப்புறம்தான் கிண்ணத்தைப் பார்த்தாள். விளிம்பிலிருந்து அடிவரைக்கும் பிளந்திருந்தது. அவள் உதட்டை ஒரு தடவை அழுத்திக்கொண்டு, விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள்.

"மரத்துக்குள்ள கணு முடிச்சு இருந்திருக்கும். அது இருந்தா யார் கடைஞ்சாலும் பிடுங்கும்."

"அதானே. ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் கப்பல்காரர்.

சம்பந்தியம்மா குனிந்து கிண்ணத்தை எடுத்தார். பிளந்த இடம் வெள்ளையாக, நேராக இருந்தது. ஒரு முடிச்சும் இல்லை. அது சூப்பர்வைசருக்கே தெரிந்தது. அவள் ஒரு வருஷம் காத்திருந்த மரம். அதை உடைத்தது இவர், அதற்காக அந்த மரத்தின் மேல் பழி போடுவது அவள். இதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை.

"முடிச்சு இல்லீங்க" என்றார்.

"என்ன சம்பந்தி?"

"முடிச்சு எதுவும் இல்ல. எனக்கு உளி பிடிக்கத் தெரியாது. இதுக்கு முன்னாடி பிடிச்சதும் இல்ல. அலமாரில இருக்கறது, இந்த உடைஞ்சது, எல்லாமே இவ செஞ்சது. இன்னிக்கு நான் தேய்ச்சுக் காட்டறதுக்குன்னு இவதான் கடைஞ்சு வெச்சா. போன வாரம் நான் சொன்னது பொய்."

மகள் கையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் முகக் கவசத்தைக் கழற்றவில்லை. அதற்குப் பின்னால் இருப்பது கொஞ்சம் சௌகரியமாக இருந்தது.

முதலில் பேசியது சம்பந்தியம்மா. அதுவும் அவரிடம் இல்லை, மனைவியிடம்.

"நீங்க ஏங்க போன வாரம் சும்மா இருந்தீங்க?"

"கேட்டது அவர்கிட்டதானே" என்றாள் மனைவி. "என்கிட்ட யாரும் கேக்கல."

சம்பந்தியம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பேச்சு அங்கிருந்து எங்கேயாவது போயிருக்கும். அதற்குள் கப்பல்காரர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நேராக வந்து சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்.

"எத்தனை துறைமுகம் பாத்திருப்பேன், எத்தனை ஆம்பளைங்களப் பாத்திருப்பேன். தப்பு பண்ணிட்டு, எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறவன விரல் விட்டு எண்ணிடலாம் சம்பந்தி. பெரிய மனசு உங்களுக்கு."

"இல்லீங்க, நான்…"

"பேசாதீங்க. இப்படிப்பட்ட வீட்ல பொண்ணு எடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்று தோளில் கைபோட்டு ஹாலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹாலில் பேச்சு முழுக்க அதுதான். மகனிடம், "மனுஷன்னா இப்படி இருக்கணும், பாத்துக்கடா" என்றார். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தான். அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அந்தக் கதையில் நேர்மையான சம்பந்தி ஒருவர் இருந்தார், தைரியம் இருந்தது, உண்மை இருந்தது. கிண்ணத்தைக் கடைந்தது யார் என்பது பாதி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

"நெஜமா திறமை அவளுக்குத்தாங்க" என்று நடுவில் சொல்லிப் பார்த்தார் சூப்பர்வைசர்.

"அடக்கத்தப் பாருங்க" என்றார் கப்பல்காரர்.

சூப்பர்வைசர் மறுபடி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாராட்டு கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. இனிக்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தில், இவ்வளவு நேரம் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்படி அவருக்கு வெட்கமாக இருந்தது.

மகள் டீ கொண்டு வந்தாள். தட்டை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"அம்மா எங்க?"

"ஷெட்லதான். அத்தையும் அங்கதான் இருக்காங்க."

எட்டிப் பார்த்தார். ஷெட் கதவு சாத்தியிருந்தது. வழக்கமாக அதைச் சாத்துகிறவர் அவர். இன்றைக்கு உள்ளேயிருந்து சாத்தியிருந்தார்கள். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி ஓடியது. இரண்டு பெண்கள் சிரிப்பதும் கேட்டது.

கிளம்பும் நேரத்தில்தான் சம்பந்தியம்மா வெளியே வந்தார். முந்தானையெல்லாம் மரத்தூள். அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப புதன்கிழமை வந்துடறேன்" என்றார். "எங்க வர்றே?" என்று கப்பல்காரர் கேட்டார். "நீங்க வண்டிய எடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

எல்லாரும் போன பிறகு சூப்பர்வைசர் ஷெட்டுக்குப் போனார். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, பிளந்த கிண்ணத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள், பல்செட் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதைப்போல. அவர் துடைப்பத்தை எடுத்துக் கொஞ்சம் பெருக்கினார். அவள் தடுக்கவில்லை.

"நான் போன வாரமே சொல்லியிருக்கணும்."

"ம்."

"இப்பவாவது சொல்லிட்டேன்ல."

"சொன்னீங்க. நல்லாத்தான் சொன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "அவர் உங்களப் பாராட்டினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. கிண்ணத்துக்கும் நீங்கதான் பேர் வாங்கினீங்க. கிண்ணம் உங்களுது இல்லன்னு சொன்னதுக்கும் நீங்களே வாங்கிட்டீங்க."

அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார்.

"உனக்குத்தான் திறமைன்னு நான் சொல்லிப் பாத்தேம்மா. அவர் காதுலயே வாங்கிக்கல."

"கேட்டுச்சு. நீங்க எந்தக் குரல்ல சொன்னீங்கன்னும் கேட்டுச்சு."

கீழே விழுந்த உளியை அவள் எடுத்து, நுனியை வெளிச்சத்தில் பார்த்து, துணியால் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினாள். பேச்சை மாற்றினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"புதன்கிழமை அவங்க எதுக்கு வர்றாங்க?"

மனைவி திரும்பி, ஒரு வாரத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அத உங்ககிட்ட சொல்றதா இல்லீங்க. சொன்னா அதுவும் உங்களோடதாயிடும்" என்றாள்.